கை எட்டிய வரை

இன்ஜின் எப்படி அழுக்காகும் என்று எனக்குப் பாடம் எடுக்க ஒரு மனிதர் வீடு தேடி வந்தார். நான் பதினொரு வருஷம் நீராவி இன்ஜின் துடைத்தவள். அவர் முப்பது வருஷம் அதே இன்ஜின்களைத் தாளில் வரைந்தவர். யார் யாருக்குப் பாடம் எடுக்க வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

கோபத்தில் நடுவிலிருந்து ஆரம்பித்துவிட்டேன். முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மாப்பிள்ளைக்குப் பல் கட்டும் வேலை. பல் டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் அதற்குப் பல் செய்து கொடுப்பார். கை அவ்வளவு நுணுக்கம். ஊருக்கெல்லாம் பல் செய்கிற மனிதர் தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். என்ன கேட்டாலும் கிணற்றில் போட்ட கல்தான். வேலை முடிந்து வந்ததும் பின் அறைக்குள் போய்விடுவார். அங்கே நாலு வருஷமாகப் பித்தளைத் தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து ஒரு நீராவி இன்ஜின் செய்துகொண்டிருந்தார். நிஜத்தில் இருபதில் ஒரு பங்கு. என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் வரும்.

ஆரம்பிக்கும்போது எந்த இன்ஜினைச் செய்யலாம் என்று என்னைத்தான் கேட்டார். நான் துடைத்த இன்ஜினையே சொன்னேன். கிளைப் பாதையில் ஓடிய குட்டி ரகம், இரண்டு பக்கமும் தட்டையான தண்ணீர்த் தொட்டி வைத்தது. சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். நாலு வருஷம் கழித்து ஒரு நாள் கூடத்துக்கு எடுத்து வந்து மேஜையில் வைத்தார். என் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஒவ்வொரு ஆணியும் அதனதன் இடத்தில் இருந்தது.

பெயின்ட் அடிக்க மட்டும் அவருக்குப் பயம். நாலு வருஷத்து உழைப்பு ஒரு துளியில் போய்விடுமாம். ரயில் இன்ஜின் ஷெட்டை மூடிய பிறகு நான் மின்விசிறிக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் ஸ்ப்ரே துப்பாக்கி பிடித்தவள். "என்கிட்ட குடுங்க மாப்பிள்ளை" என்று வாங்கிக்கொண்டேன்.

பித்தளை மேல் பெயின்ட் சும்மா ஒட்டாது. சோப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி, வினிகரில் முக்கி, மறுபடி அலசி, விரல் படாமல் காய வைத்து, முதல் பூச்சு அடித்தேன். அதன் மேல்தான் கறுப்பு. அதுவும் கடைக் கறுப்பு கூடாது. அதை அப்படியே அடித்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். நிஜ இன்ஜினை நாம் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறோம், நடுவில் காற்றும் வெயிலும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பழுப்பும் ஒரு சொட்டு வெள்ளையும் கலந்தேன். அடித்து முடித்ததும் புதுப் பெண் மாதிரி மினுங்கியது. மாப்பிள்ளைக்கு அதோடு நிறுத்திவிடலாம் என்று ஆசை. நான் விடவில்லை.

அழுக்கு பூசுவதுதான் பெரிய வேலை. நிஜக் கரித்தூளையே தூவலாமே என்றார் அவர். கரித்தூள் ஒரு துகள் இந்த இன்ஜின் மேல் விழுந்தால் கூழாங்கல் மாதிரி தெரியும். இன்ஜினைச் சிறிசாக்கினால் அழுக்கையும் சிறிசாக்க வேண்டும். படம் வரைகிற சாக்குக்கட்டியை உரசி, பழைய துணியில் சலித்து, அந்தப் பொடியைத்தான் பயன்படுத்தினேன். கறுப்பு, சாம்பல், துரு நிறம் என்று மூன்று கிண்ணம். பாய்லருக்குள் தண்ணீர் போகிற வால்வு எப்போதும் ஒழுகும், ஒழுகினால் உப்பு காய்ந்து வெள்ளைக் கோடு விழும். அதையும் மெல்லிய தூரிகையால் இழுத்தேன். இழுத்தபோது இன்ஜினைப் பஞ்சு மெத்தையில் மல்லாக்கப் போட்டிருந்தேன். மறுநாள் காலை நிமிர்த்தி வைத்துப் பார்த்தால், கோடெல்லாம் வால்விலிருந்து புகைபோக்கியைப் பார்த்து மேலே ஏறியிருந்தது. தண்ணீர் வானத்தை நோக்கி ஒழுகும் இன்ஜின். மாப்பிள்ளை சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன்.

அப்புறம் வந்தது முக்கியமான இடம். அதைப் புரிந்துகொள்ள எங்கள் ஷெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஷெட்டில் இன்ஜின் துடைக்க ஐந்து பெண்கள் இருந்தோம். கான்ட்ராக்டர் மூலமாக வந்தவர்கள். வருகைப் புத்தகத்தில் எங்கள் பெயர் கிடையாது, "துடைப்பு ஆள்: ஐந்து" என்று மட்டும் எழுதுவார்கள். பெயர் இல்லாதவள் இன்ஜின் மேலிருந்து விழுந்தால் விபத்துத் தாளில் எந்தப் பெயரை எழுதுவது? அதனால் எங்களுக்கு ஏணி கிடையாது, படியில் கால் வைக்கவும் கூடாது. "கை எட்டற வரைக்கும் துடைங்க, அதுக்கு மேல உங்க வேலை இல்ல" என்பார் ஃபோர்மேன். மேலே யார் வேலை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. பிளாட்பாரத்தில் நிற்கும் அதிகாரி கண் மட்டத்துக்கு மேல் பார்க்கப் போவதில்லை, அது போதும் அவருக்கு.

ஆக, எங்கள் இன்ஜினில் சக்கரமும் தொட்டியின் கீழ்ப்பாதியும் எண்ணெய்த் துணி பட்டுப் பளபளவென்று இருக்கும். மேல்பாதி கரியும் சாம்பலும் உப்புமாக மங்கிக் கிடக்கும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு. நேர்கோடு இல்லை. தோளை ஊன்றி, கையை நீட்டித் துடைத்தால் வளைவு வளைவாகத்தான் வரும். ஒவ்வொருத்திக்கும் அவளவள் இடம் என்று உண்டு. முன்பக்கம் என்னுடையது. எங்களில் நான்தான் உயரம், அதனால் என் வளைவுகள் மேலே ஏறியிருக்கும். கடைசியில் டிரைவர் நிற்கும் கூண்டின் பக்கம் குட்டையின் இடம். அவளை எல்லோரும் குட்டை என்றுதான் கூப்பிடுவோம், அவளே அப்படித்தான் சொல்லிக்கொள்வாள். அங்கே கோடு சட்டென்று இறங்கும். தூரத்தில் வரும் இன்ஜினின் பக்கவாட்டைப் பார்த்தே இன்று யார் வேலைக்கு வரவில்லை என்று எங்களால் சொல்ல முடியும்.

அதை அப்படியே செய்தேன். முதலில் இன்ஜின் முழுக்க அழுக்கு பூசினேன். பிறகு தீக்குச்சிகளை வெவ்வேறு அளவுக்கு வெட்டி, நுனியில் பஞ்சு சுற்றி, இன்ஜின் ஓரத்தில் நிறுத்திய ஒரு கட்டையில் தோள் உயரத்தில் குண்டூசியால் குத்தி, கை மாதிரி அரைவட்டமாகச் சுழற்றித் துடைத்தேன். எனக்கு நீளக் குச்சி, குட்டைக்குச் சின்னக் குச்சி. நாற்பது வருஷத்துக்கு முந்தைய வேலையை, இருபதில் ஒரு பங்காக, மூன்று நாள் உட்கார்ந்து மறுபடி செய்தேன். முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எங்கள் ஐந்து பேரும் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனது போலிருந்தது. நாங்கள் அங்கே இருந்தோம் என்பதற்கு உலகத்தில் வேறு எந்த அடையாளமும் இல்லை, அந்தக் கோட்டைத் தவிர.

மாப்பிள்ளை சேர்ந்திருக்கும் மாடல் சங்கம் அந்த வருஷம் பெரிய கண்காட்சி வைத்தது. நடு மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டி, அதில் இவருடைய இன்ஜின் என்று முடிவாகியிருந்தது. கண்காட்சிக்குப் பத்து நாளுக்கு முன் சங்கத்துச் செயலாளர் பார்த்துவிட்டுப் போக வந்தார். அவர்தான் நான் முதலில் சொன்ன ஆள். ரயில்வேயில் வரைபடப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் ஓர் எஃகு ஸ்கேல் இருக்கும், அதனால் ஸ்கேல்காரர் என்றே பெயர்.

டீயைக் கூடத் தொடாமல் இன்ஜினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆணிகளை எண்ணினார். சக்கரத்தை அளந்தார். மாப்பிள்ளையைப் பாராட்டினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"எல்லாம் பிரமாதம்மா. ஆனா அழுக்கு தலைகீழா இருக்கு."

தண்டவாளத்துத் தூசி கீழேயிருந்து எழும்பும், அதனால் கீழ்ப்பாதிதான் பழுப்பாக இருக்க வேண்டும், மேலே மழை கழுவிவிடும் என்று விளக்கினார். மாடல் செய்கிற சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியுமாம். நான் பொறுமையாக, என் சுபாவத்துக்கு அது பொறுமைதான், ஷெட்டைப் பற்றிச் சொன்னேன். கையை நீட்டிக் காட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, ஷெட்டில் பெண்கள் வேலை பார்த்ததாக எந்த ஆவணத்திலும் இல்லையே என்றார். அவர் சர்வீசில் ஷெட்டுக்குள் ஒரு பெண்ணையும் பார்த்ததில்லையாம்.

"ஷெட்டுக்கு எத்தன தடவ வந்திருக்கீங்க சார்?" என்றேன்.

யோசித்துப் பார்த்து, நாலைந்து தடவை, பெரிய அதிகாரிகளோடு ஆய்வுக்கு வந்ததாகச் சொன்னார்.

"அப்போ சரிதான். ஆய்வுன்னா எங்கள நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால உக்கார வச்சிடுவாங்க. நீங்க வந்த அன்னிக்கெல்லாம் நாங்க அங்கதான் இருந்தோம்."

ஸ்கேல்காரர் முகம் சுருங்கியது. என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். கண்காட்சிக்கு ரயில்வேக்காரர்கள் வருவார்கள், விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள், கீழ்ப்பாதியில் தூசி ஏற்றிச் சரி செய்துவிடுங்கள், இல்லையென்றால் நடுப்பெட்டிக்கு வேறொருவர் இன்ஜினை வைக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். டீ ஆறிப்போய்க் கிடந்தது. நான் எடுத்துக் குடித்தேன், கோபத்தில் அது டீயா தண்ணீரா என்று கூடத் தெரியவில்லை.

அன்று மாலை மகள் என்னைப் பிடித்துக்கொண்டாள். நாலு வருஷம் பின் அறையில் கிடந்த மனிதனுக்கு ஒரு நாள் மரியாதை கிடைக்கப் போகிறது, அதை ஏன் கெடுக்கிறாய் என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது. இன்ஜின் அவருடையது, அழுக்குதான் என்னுடையது. எல்லாவற்றையும் துடைத்து மொட்டைக் கறுப்பாகக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பொய் அழுக்கு மட்டும் என் கையால் பூச மாட்டேன் என்றேன். மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். 

ஆனாலும் ஒரு சந்தேகம் எனக்குள் புகுந்துவிட்டது. ஸ்கேல்காரர் சிரித்த சிரிப்பு அப்படி. நாற்பது வருஷம் ஆயிற்று, நான்தான் எதையாவது மாற்றி நினைத்துக்கொள்கிறேனோ? ஐந்து பேரில் மிச்சம் இருப்பது நானும் குட்டையும்தான். மறுநாள் இன்ஜினைப் பொடி உரசாமல் ஓர் அட்டைப் பெட்டியில் நிறுத்தி, பைக்குள் வைத்து, இரண்டு பஸ் மாறி அவள் வீட்டுக்குப் போனேன்.

மகனோடு மூன்றாவது மாடியில் இருக்கிறாள். ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எந்த இன்ஜின் என்று சொல்லாமல், காரணம் சொல்லாமல், இன்ஜினை அவள் மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். முன்பக்கத்தை விரலால் காட்டி, "இது நீ" என்றாள். நடுவில் இருந்த வளைவுகளைக் காட்டி, செத்துப்போன மூன்று பேரையும் வரிசையாகச் சொன்னாள். கூண்டுப் பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"இங்க தப்பு."

 என்ன தப்பு என்றேன்.

"நம்பர் பலகை அழுக்கா இருக்கு. நான் அப்படி விட்டதே இல்ல. வாளியக் கவுத்துப் போட்டு ஏறி நின்னு அதத் துடைப்பேன். ஃபோர்மேன் பாக்காத நேரமாப் பாத்து."

எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஏண்டி அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். நம்முடைய பெயரைத்தான் எங்கேயும் எழுதவில்லை, இன்ஜின் நம்பராவது ஊருக்குத் தெரியட்டும் என்று நினைத்தாளாம். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கையை உயர்த்திக் காட்டப் பார்த்தாள், தோளுக்கு மேல் வரவில்லை. கண்காட்சிக்குக் கூட்டிப் போகிறாயா என்று கேட்டாள். தூக்கிக்கொண்டாவது போகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் குட்டையின் குண்டூசியை ஒரு வாளி உயரத்துக்கு ஏற்றிக் குத்தி, நம்பர் பலகை மேல் ஒரே ஒரு வளைவு துடைத்தேன். இறங்கிப் போன கோடு அந்த ஓரிடத்தில் மட்டும் எட்டிக் குதித்தது. அதுவரை மேல்பூச்சு அடிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அடுத்த நாள் அழுக்குக்குப் பளபளப்பில்லாத வார்னிஷும் துடைத்த இடத்துக்குப் பளபளக்கும் வார்னிஷும் அடித்து எல்லாவற்றையும் மூடினேன். இனி உரசினாலும் போகாது. மாப்பிள்ளையிடம் கொடுத்து, "இதான் மாப்பிள்ளை, இதுக்கு மேல உங்க இஷ்டம்" என்றேன். அவர் வாங்கிக்கொண்டார்.

கண்காட்சி தொடங்கும் அன்று காலை நானும் மகளும் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது. நடுவில் கண்ணாடிப் பெட்டி, மேலே விளக்கு, உள்ளே எங்கள் இன்ஜின். கிட்டப் போனேன். கீழ்ப்பாதி முழுக்கப் பழுப்புத் தூசி. சக்கரம், தொட்டி, கூண்டு, நம்பர் பலகை, ஒன்றும் பாக்கியில்லை. கோட்டைக் காணவில்லை. மேலேயும் அழுக்கு, கீழேயும் அழுக்கு. யாருமே தொடாத இன்ஜின்.

 பெட்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை தலை குனிந்து நின்றிருந்தார்.

"யாரு செஞ்சது?"

"நான்தான் அத்தை."

  ஸ்கேல்காரர் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். பெற்ற பிள்ளை மாதிரி நினைத்த ஆள் செய்தால் என்ன செய்வது? மகள் என் கையைப் பிடித்தாள், உதறிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அப்போதுதான் குட்டை வந்தாள். மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து பெட்டி வரைக்கும் நடந்து வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து பார்த்தாள்.

"இது எந்த இன்ஜின்?" என்றாள். "நம்மளது எங்க?"

 மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் குட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் மூக்கை வைத்துத் தன் இடத்தைத் தேடிக்கொண்டிருக்கும் அந்த நாலரை அடி மனுஷியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பைக்குள் கைவிட்டுச் சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தார்.

"பொடிய மேலாலதான் தூவினேன் அத்தை," என்றார். "வார்னிஷ் அடிக்கல. அடிக்கச் சொன்னாங்க. மனசு வரல. தொடச்சா வந்துடும்."

நான் கல் என்று நினைத்த மனிதர் இவ்வளவு நாளும் எனக்காக ஒரு கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். அதுதான் வராதே அவருக்கு.

கைக்குட்டையை எடுத்தேன். மாப்பிள்ளை இன்ஜினைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். துடைக்க ஆரம்பித்தேன். சக்கரத்தை முதலில், பிறகு தொட்டியின் அடி, பிறகு மேலே, மேலே, கோடு வரைக்கும். கூட்டம் எங்களைச் சுற்றிக் கூடியது. யாரோ காவலாளைக் கூப்பிடச் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. கூண்டுப் பக்கம் வந்ததும் கைக்குட்டையைக் குட்டையிடம் கொடுத்தேன். நம்பர் பலகையை அவளே துடைத்தாள், ஒரு நகத்தளவு இடம்தான், அதை மூன்று தடவை துடைத்தாள்.

ஸ்கேல்காரர் ஓடி வந்தார். கண்காட்சிப் பொருளைத் தொடுவதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் மாப்பிள்ளை. "இன்ஜின் என்னோடது சார்."

இதைச் சொல்லும்போதும் அவர் இன்ஜினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் சொன்னார். என் மகள் அவரைப் பார்த்த பார்வையை நான் கவனித்தேன். கல்யாணத்தன்று கூட அப்படிப் பார்க்கவில்லை.

ஸ்கேல்காரருக்கு வேறு வழி தெரியவில்லை, ஸ்கேலை எடுத்தார். எங்கள் தப்பை அளந்து காட்டப் போகிறவர் மாதிரி சக்கரத்தின் அடியிலிருந்து கோடு வரைக்கும் நிறுத்தி வைத்தார். முன்பக்கம் தொண்ணூற்றொன்பது மில்லி. கூண்டுப் பக்கம் எண்பத்தாறு. வாழ்நாள் முழுக்க வரைபடத்தோடு பழகியவர், எண்ணைப் பார்த்தால் பெருக்காமல் இருக்க முடியாது. உதடு முணுமுணுத்தது. இருபதால் பெருக்கி, அடியாக்கி, கை எட்டும் உயரத்திலிருந்து ஆள் உயரத்தைக் கணக்குப் போட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் குட்டையைப் பார்த்தார்.

"நாலடி ஏழு அங்குலம்," என்றாள் குட்டை, யாரும் கேட்காமலே. "இப்ப இன்னும் கொறஞ்சிருப்பேன்."

ஒரு நிமிஷம் அந்த மனிதர் எங்களைப் பார்த்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நிலக்கரிக் குவியலைச் சுற்றி வந்து, பின்னால் உட்கார்ந்திருந்த ஐந்து பேரையும் பார்த்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் ஸ்கேலைப் பைக்குள் சொருகினார்.

அளவு பொருந்தலாம், ஆனால் ஆவணம் இல்லையே என்றார்.

அதற்குள் விருந்தினராக வந்த ரயில்வே அதிகாரி நெருங்கிவிட்டார். அவர் முன்னால் பெட்டியை மாற்ற முடியாது. இன்ஜினை உள்ளே வைத்துப் பூட்டினார்கள். அதிகாரி குனிந்து பார்த்து, மேலே மட்டும் ஏன் அழுக்கு என்று கேட்டார். ஸ்கேல்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன், முழுவதும் சொன்னேன், ஏணியிலிருந்து வாளி வரைக்கும். அவர் அப்படியா, அப்படியா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போனார். அவர் பின்னால் வந்த கூட்டத்தில் சிலர் போகவில்லை. நின்று இன்னொரு தடவை பார்த்தார்கள். ஒரு பெண் கண்ணாடிக்கு வெளியே தன் கையை வளைவாக நகர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து ஸ்கேல்காரர் ஓர் அட்டையோடு வந்தார். பெட்டியின் மேல் ஒட்டினார். அழகான கையெழுத்து, வரைபட எழுத்து. "இம்மாடலில் காட்டப்பட்டுள்ள அழுக்குக்கு ஆவணச் சான்று இல்லை."

மாப்பிள்ளை அதைக் கிழிக்கக் கை நீட்டினார். நான் தடுத்தேன். இருக்கட்டும் என்றேன். ஆவணம் இல்லை என்பது உண்மைதானே. இல்லாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதும் உண்மை. அதைத்தான் அட்டையில் எழுத இடம் போதாது. அதனால் அட்டைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டேன், வருகிறவர்களுக்கு வாயால் சொல்வதற்கு. குட்டையும் பெட்டியில் சாய்ந்தபடி அந்தப் பக்கம் நின்றாள்.

ஸ்கேல்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ்வளவு நேரம்மா இப்படியே நிக்கப் போறீங்க?"

"கண்காட்சி எத்தன நாள் சார்?"

"பத்து நாள்."

"அப்போ பத்து நாள்."

அவர் குட்டையைப் பார்த்தார், இவளாவது போய்விடுவாளா என்கிற நம்பிக்கையில்.

"எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க," என்றாள் அவள். "கண்ணாடிக்கு முன்னால போடுங்க. பின்னால வேணாம்."